நாழிகை வட்டிலின் தண்ணீர்

சிந்தினது போகட்டும் தம்பி, துடைக்க வேண்டாம். பஸ் குலுங்கினா யாரு கைன்னாலும் சிந்தத்தான் செய்யும். ஆனா இப்ப மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னீங்களே, அது யாருகிட்ட? பக்கத்து சீட்டு அம்மாகிட்டயா? சரி, சரி. என்கிட்டயோன்னு நினைச்சுட்டேன்.

சுத்திமுத்திப் பாக்காதீங்க. பாட்டில்ல இருந்துதான் பேசுதேன். ஆமா, உங்க கையில இருக்குற தண்ணிதான். பயப்படுததுன்னா சீக்கிரம் பயந்து முடிச்சிருங்க, அதுக்குக் காத்துக் கிடக்க எனக்குத் தெம்பில்ல. மூடியை இறுக்கிறாதீங்க. அந்த ஜன்னல் ஓரமாவும் வைக்காதீங்க, வெயில் படுது. இந்தப் பக்கம், உங்க பைக்குப் பின்னால நிழல்ல வைங்க. அப்படித்தான். தென்காசி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்குல்லா, சொல்லுதேன்.

பேரெல்லாம் எனக்குக் கிடையாது. பூதம்னு வச்சுக்கோங்க. நீர்ப்பூதம். உடனே கோயில் சுவத்துல பெரிய வயிறும் கோரப்பல்லுமா செதுக்கி வச்சிருக்குறதை நினைக்காதீங்க, அது கல்தச்சன் இஷ்டத்துக்குச் செஞ்சது. எங்கள்ல மழைக்கு ஒருத்தர், ஆத்துக்கு ஒருத்தர்னு பெரிய பெரிய ஆளுங்க உண்டு. நான் ரொம்பச் சின்ன உத்தியோகம். எனக்குக் கிடைச்சது ஒரு வட்டில்.

நாழிகை வட்டில் பாத்திருக்க மாட்டீங்க. உங்களுக்கெல்லாம் நேரம் கையில கட்டியிருக்கு. நான் சொல்லுதது நானூறு வருசத்துக்கு முந்தி, நாயக்கர் ஆட்சிக் காலம். மருதங்குறிச்சிக் குளத்துக் கரையில, மடைக்குப் பக்கத்துல ஒரு பூவரச மரம். மரத்தடியில வாயகன்ற மண்பானை. பானை நிறைய நான். அதுல ஒரு சின்னச் செம்பு வட்டிலை மிதக்க விடுவாங்க. வட்டிலுக்கு அடியில ஊசி நுழையுற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியா நான் உள்ள ஏறணும். ஏறி, நிறைஞ்சு, வட்டில் முங்கினா ஒரு நாழிகை. உங்க கணக்குல இருபத்துநாலு நிமிசம். உடனே எடுத்துக் கவுத்து மறுபடி மிதக்க விடுவாங்க. நான் மறுபடி ஏறணும். பொழுது விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும் முப்பது தடவை. தீபாவளி உண்டா, பொங்கல் உண்டா, ஒண்ணும் கிடையாது. அலுப்பு எனக்கு அப்பவே வந்தாச்சு தம்பி. இப்ப வந்தது இல்ல.

அது எதுக்குன்னு கேக்கலையே நீங்க. வயலுக்குத் தண்ணி பங்கு வைக்க. காலையில பதினஞ்சு நாழிகை மேலப்பத்து வயலுக்கு. உச்சிக்கு மேல பதினஞ்சு நாழிகை கீழப்பத்து வயலுக்கு. முறை மாறவே மாறாது. பதினஞ்சாவது தடவை வட்டில் முங்கினதும் சங்கு ஊதுவாங்க. சங்குச் சத்தம் கேட்டா மடைக்காரன் மடையைத் திருப்புவான். சாயங்காலச் சங்குன்னா மடையை அடைச்சிருவான். ஊரே என் ஏத்தத்தை நம்பித்தான் கஞ்சி குடிச்சுது. பெருமைக்குச் சொல்லல. நடந்ததைச் சொல்லுதேன்.

வட்டிலைப் பாத்துக்கிட்டவரு அணஞ்சபெருமாள். நாழிகைக்காரர்னு ஊர்ல கூப்பிடுவாங்க. மெலிஞ்ச உடம்பு, அதிகம் பேசாத மனுசன். விடியுறதுக்குள்ள குளத்துல இறங்கி, செம்புல என்னை மொண்டுகிட்டு வந்து, வலது கையால பானைக்குள்ள ஊத்துவாரு. நூல் பிடிச்ச மாதிரி ஊத்துவாரு. ஒரு சொட்டு வெளியே போகாது. ஊத்தும்போது "வாம்மா"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வேற யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டது கிடையாது, அதுக்காக நான் உருகிப் போயிட்டேன்னு நினைக்காதீங்க.

அந்த வருசம் ஆனி மாசத்துக் காத்து கொஞ்சம் அதிகம். பூவரச மரம் வேரோட சாஞ்சுருச்சு. மரம் போனதும் மத்தியான வெயில் நேரா பானை மேல விழுந்துச்சு. அப்பதான் கனலி வந்தான்.

கனலின்னா வெயிலோட பூதம். அடுப்பிலயும் அவன்தான், விளக்கிலயும் அவன்தான், மத்தியானம் ஆனா என் பானையிலயும் அவன்தான். வந்து பக்கத்துல உக்காருவான். கொல்லன் உலையில கேட்ட வம்பு, சமையக்கட்டுல கேட்ட வம்பு எல்லாம் சொல்லுவான். எனக்கு உடம்பெல்லாம் இளகிரும். காலையில தம் பிடிச்சு ஏறுன அதே துளையில மத்தியானம் சிரிச்சுக்கிட்டே ஏறுவேன். வேலை செய்யுத மாதிரியே இருக்காது. என் ஆயுசுல எனக்கு வாய்ச்ச சுகம் அந்த ரெண்டு மாசம் மட்டும்தான் தம்பி. அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது.

ஆவணி பிறந்ததும் கீழப்பத்துல கூப்பாடு கிளம்பிச்சு. வேலாண்டின்னு ஒரு சம்சாரி, அங்க பயிர் வச்சிருந்தவரு. அவருதான் முதல்ல ஊர்ச் சபையில போய் நின்னவரு. மேலப்பத்துக்கு முழு நாழிகை கிடைக்குது, எங்களுக்குச் சாயங்காலச் சங்கு ஊதும்போது சூரியன் இன்னும் பனை உயரத்துல நிக்குது, தினம் ஒண்ணரை நாழிகைத் தண்ணி களவு போகுது, பயிர் பால் பிடிக்காமப் பதரா நிக்குதுன்னு சொன்னாரு. பொய் இல்ல. மண்ணு வெடிச்சுத்தான் கிடந்துச்சு.

சபை விசாரிச்சுது. கோயில்ல ஒரு தங்க ஊசி உண்டு. வட்டில் துளையோட அளவு அதுதான். விடியக்காலம் பூசை முடிஞ்ச கையோட ஊசியை விட்டுப் பாத்தாங்க. கச்சிதமா இருந்துச்சு. எல்லாச் சோதனையும் அவங்களுக்கு விடியக்காலத்துலதான், சுத்தமான வேளைல்லா. மத்தியானம் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல, செம்பு காலையிலயும் செம்பு மத்தியானமும் செம்புதானே. அதனால என்ன முடிவுக்கு வந்தாங்க? அணஞ்சபெருமாள் உச்சிக்கு மேல வேற வட்டிலை மாத்தி வைக்காருன்னு. சாட்சி? பூவரச மரம். இருபது தலைமுறை நின்ன மரம் இவரு பொய்யைப் பொறுக்காம சாஞ்சுருச்சாம். மரமே சொல்லிருச்சு, இனி மனுசன் என்ன சொல்லன்னு பேசினாங்க. அந்த மரம் எதனால விழுந்துச்சுன்னு பாத்தாங்களே ஒழிய, விழுந்ததால என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் பாக்கல.

இல்லைன்னு சாதிச்சா கைமுக்குதான். கொதிக்கிற நெய்யில கையை முக்கணும். மூணு நாள் துணி சுத்தி முத்திரை வைப்பாங்க. அவிழ்க்கும்போது கொப்புளம் இல்லைன்னா உத்தமன். இருந்தா கள்ளன். அவரு இல்லைன்னே நின்னாரு. எட்டு நாள் கழிச்சு நாள் குறிச்சாங்க.

அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டு பிள்ளைகளும் என் உயிரை வாங்க ஆரம்பிச்சது.

ஒண்ணு உலகம்மை. நாழிகைக்காரர் மக, பன்னெண்டு வயசு. முகத்தை உத்துப் பாத்தாள்னா பாக்கப்பட்டவங்க தானா ஏதாவது உளறிருவாங்க. இன்னொண்ணு சொரிமுத்து, பத்து வயசு. யாரு மகன்னு நினைக்குதீங்க? புகார் சொன்னாருல்லா வேலாண்டி, அவரு மகன். குழந்தையில குளத்துல முங்கிப் பிழைச்ச பய. அதுல இருந்து அவனுக்குக் காது எங்க பக்கமும் திறந்துக்கிச்சு. பூதங்க பேசுறது கேக்கும். எங்க அப்பா பொய் சொல்லலைன்னு இவ சொன்னா, எங்க அப்பாவும் பொய் சொல்லலைன்னு அவன் சொன்னான். ரெண்டு பேரும் ஒரு நாள் பூராச் சண்டை போட்டுட்டு, அப்படின்னா ரெண்டும் நிசமா இருந்து நடுவுல வேற என்னமோ இருக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. பெரியவங்க இருபது பேரு கூடின சபைக்கு வராத யோசனை.

துப்புத் துலக்குதோம்னு ரெண்டும் ஊர் பூராச் சுத்திச்சு. முதல்ல மண்ணைக் கேட்டாங்க. பானையில இருந்த மண்பூதம் ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் எடுத்துக்குவா. ரெண்டு நாள் காத்துக் கிடந்து வாங்குனது "சுடுது" "மத்தியானம்" ரெண்டே வார்த்தை. அப்புறம் காத்தைப் பிடிக்கக் குளத்துக்கு நடுவுல தீவு மாதிரி கிடந்த மேட்டுக்கு வாழைத்தண்டுத் தெப்பத்துல போனாங்க. பாதியில தெப்பம் பிரிஞ்சு ரெண்டு பேரும் முங்கி எந்திரிச்சாங்க. நான்தான் கரையில தள்ளிவிட்டேன், அதையும் கொஞ்சம் கணக்குல எடுத்துக்கோங்க. காத்துக்கு வாய் சும்மா இருக்காதுல்லா. "நான் மரத்தைத் தள்ளினது உண்டு, வேற எந்த வம்புக்கும் போகல"ன்னு அவனே கத்திட்டான்.

உலகம்மை ஈரப் பாவாடையைப் பிழிஞ்சுக்கிட்டே நின்னா. கீழப்பத்துக்குத் தண்ணி குறைய ஆரம்பிச்சது எந்த மாசம்னு சொரிமுத்துகிட்ட கேட்டா. ஆனின்னு சொன்னான். மரம் விழுந்தது எந்த மாசம்னா. அதுவும் ஆனின்னான். அவ்வளவுதான், பிழியுறதை நிறுத்திட்டா. நேரா என் பானைக்கு வந்து கையை உள்ள விட்டுப் பாத்தா. உச்சி வேளை. கனலி என் பக்கத்துல உக்காந்து கதை சொல்லிக்கிட்டு இருந்தான்.

"ஏலே சொரிமுத்து, தண்ணிகிட்ட கேளு"ன்னா. அவன் குனிஞ்சு, மத்தியானத்துல நீ வேகமா ஏறுதியான்னு கேட்டான்.

நான் ஒண்ணும் சொல்லல. பொய் சொல்லல தம்பி, கவனிங்க. சும்மா இருந்தேன். தலைமுறை தலைமுறையா எனக்குக் களைப்பா இருக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்ப மட்டும் பதில் சொல்லணுமாக்கும். சொன்னா என்ன ஆகும்? பானையைத் தூக்கி நிழல்ல வைப்பாங்க. கனலி வரமாட்டான். மறுபடி விடியுறதுல இருந்து அடையுற வரைக்கும் நான் தம் பிடிச்சு ஏறணும். கைமுக்குக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அதுக்குள்ள ஏதாவது வழி பிறக்கும்னுதான் நினைச்சேன்.

நான் பேசாட்டி என்ன, அந்தப் பெண்ணு விடலையே. சபைக்கு முன்னால போய் நின்னா. ரெண்டு பானை வைங்க, கோயில்ல இருக்குற பழைய வட்டிலையும் குடுங்க, காலையில ரெண்டும் ஒண்ணா முங்குதான்னு பாருங்க, மத்தியானம் ஒண்ணை வெயில்லயும் ஒண்ணை மண்டபத்து நிழல்லயும் வச்சுப் பாருங்கன்னா. பொட்டப்பிள்ளை சபையில பேசலாமான்னு ஒரு கிழவரு முனகினாரு. வேலாண்டியே எந்திரிச்சு, பாத்துட்டுப் போவோமே, நமக்கு என்ன நட்டம்னு சொன்னாரு. அவரு நல்ல மனுசன்தான்.

மறுநாள் ஊரே கரையில கூடிச்சு. காலையில ரெண்டு வட்டிலும் ஒண்ணா முங்கிச்சு. உச்சி வந்துச்சு. ரெண்டு பானையிலயும் நான்தான். அதெப்படின்னு கேக்காதீங்க, உங்களுக்கு ரெண்டு கை இல்லையா. நிழல்ல இருந்த நான் வழக்கம்போல ஏறினேன். வெயில்ல இருந்த நான்...

ஜன்னல் பக்கம் வெயில் திரும்புது பாருங்க. பையை இன்னும் கொஞ்சம் நகத்துங்க.

வெயில்ல இருந்த நான் தம் பிடிச்சேன். கனலி ஏறு ஏறுன்னு சிரிக்கான், எனக்கு உடம்பு இளகிக் கிடக்கு, இருந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவா ஏறினேன். ரெண்டு வட்டிலும் ஒண்ணா முங்கிச்சு. இன்னொரு தடவை வச்சாங்க. அப்பவும் ஒண்ணாத்தான் முங்கிச்சு. கூட்டம் ஓன்னு சத்தம் போட்டுக் கலைஞ்சுருச்சு. அணஞ்சபெருமாள் மகளோட தலையில கையை வச்சு, வா போவோம்னாரு.

ஒரே ஒரு நாள் மெதுவா ஏறினேன் தம்பி. வேகமா ஏறுனாத் தப்புன்னு சொல்லுத ஊரு, மெதுவா ஏறுனாலும் தப்புன்னா நான் என்னதான் செய்ய?

அன்னைக்குப் பொழுது சாயுற நேரம் ரெண்டும் திரும்பி வந்துச்சு. சொரிமுத்து பானையில காதை வச்சுக் கேட்டுட்டு, "இதுக்கு மூச்சு வாங்குதுக்கா"ன்னான். உலகம்மை பானைக்குப் பக்கத்துல உக்காந்தா. அழுவாள்னு நினைச்சேன். அழல.

"நாளை மறுநாள் எங்க அப்பா நெய்யில கை வைக்கப் போறாரு. அந்தக் கையாலதான் தினமும் உன்னை மொண்டு ஊத்துதாரு. அது உனக்குத் தெரியும்லா"ன்னா.

தெரியும். தெரியாம என்ன. நான் பானை அடியில ஒதுங்கிக்கிட்டேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

அடுத்த நாள் சபையில போய் நாளைத் தள்ளி வைக்கக் கேட்டிருக்கா. குறிச்ச நாளை மாத்த முடியாதுன்னுட்டாங்க. அப்படின்னா இன்னொண்ணு மட்டும் கேக்கேன்னு சொன்னாளாம். கைமுக்கு எப்படி முடிஞ்சாலும் சரி, அப்பாவுக்குப் பதிலா யாரை வேணும்னாலும் உக்கார வைங்க, புது வட்டில் வார்த்து வைங்க, ஆனா பானையை மட்டும் அறுப்பு வரைக்கும் இருக்குற இடத்துல இருந்து நகத்தக்கூடாது. இது என்ன பெரிய வரம்னு சரின்னுட்டாங்க. எனக்கே அப்ப புரியல. நல்லதுதானே, நம்ம இடம் நமக்குன்னு சந்தோசப்பட்டேன்.

கைமுக்கு அன்னைக்குக் கோயில் முன்னால பெரிய வெண்கலச் சட்டியில நெய் கொதிச்சுது. ஒரு வழக்கம் உண்டு. எதுல பிழை நடந்துச்சோ அதைத் தொட்டுட்டுத்தான் கையை முக்கணும். அதனால என் பானையில இருந்து ஒரு செம்பு கொண்டுபோய் அவரு வலது கையைக் கழுவினாங்க. அப்படி நான் அவரு கையில இருந்தேன். உள்ளங்கையில, விரல் சந்துல, நகக்கண்ணுல. சட்டிக்குள்ள பாத்தா கனலி. அடியில இருந்து குமுறிக்கிட்டு இருக்கான், மேல யாரு நிக்காங்கன்னு அவனுக்குத் தெரியாது. நான் ஒரு குரல் குடுத்திருக்கலாம்னு நீங்க நினைப்பீங்க. குடுக்கத்தான் நினைச்சேன். அதுக்குள்ள அவரு கையை உதறிட்டாரு. நான் மண்ணுல விழுந்துட்டேன். அவரு உதறினா நான் என்ன செய்ய முடியும்?

சொரிமுத்து பிறகு சொன்னான், அவரு உதறலையாம். கை நடுங்கிச்சாம்.

சத்தம் கேட்டுச்சு. அவரு கத்தல. நெய்தான் சத்தம் போட்டுச்சு. மூணு நாள் கழிச்சுத் துணியை அவிழ்த்தாங்க. என்ன இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஊரை விட்டுப் போகச் சொன்னாங்க. மூணு கல் தொலைவுல அவரு அக்கா வீடு. அங்க போயிட்டாங்க.

அன்னைக்கு மத்தியானம் கனலி வந்தான். பக்கத்துல உக்காரல. பானை விளிம்புல நின்னுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அது அவரு கைன்னு நீ ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஆறியிருப்பேனே." எனக்கு என்னமோ அன்னைக்கு உடம்பு சரியில்ல, பேச வரல. பதில் சொல்லுவேன்னு ரொம்ப நேரம் நின்னான்.

புது நாழிகைக்காரனா வந்தவன் மேலப்பத்துத் தலைவரோட சொந்தத் தங்கச்சி மகன். புது வட்டில். பக்கத்துல எப்பவும் ரெண்டு காவல். நான் யோசிச்சேன். இனியும் சீக்கிரம் ஏறினா அணஞ்சபெருமாள் மேல தப்பில்லைன்னு ஆகிரும். நல்லதுதானே, ஆகட்டுமேன்னு நீங்க சொல்லுவீங்க. ஆனா அப்படி ஆனா அவரு கை போனதுக்கு யாரு பொறுப்பு? அந்தப் பிள்ளை சபையில சொன்ன அன்னைக்கு ஏன் மெதுவா ஏறிச்சுன்னு என்னைக் கேப்பாங்கல்லா. அதனால தினமும் மத்தியானம் தம் பிடிச்சேன். பதினஞ்சு தடவையும். கனலி இப்ப கதை சொல்லுறது கிடையாது, சுடுதான், அவ்வளவுதான்.

உலகம்மை தினமும் மூணு கல் நடந்து வருவா. சொரிமுத்துவும் வந்துருவான். என் பானைக்குப் பக்கத்துல உக்காந்து கல்லாங்காய் ஆடுவாங்க. கல்லைத் தூக்கிப் போடுறது, பிடிக்கிறது. என்கிட்ட ஒரு பேச்சு கிடையாது. அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு சொரிமுத்து கேப்பான். ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குன்னு சொல்லுவா. திரும்பவும் ஆடுவாங்க.

நாலு நாள் பிடிச்சேன். எட்டு நாள் பிடிச்சேன். பத்தாம் நாள் சாயங்காலம் அவ கல்லை மடியில கட்டிக்கிட்டு எந்திரிச்சா. முதல் தடவையா பானைக்குள்ள குனிஞ்சு பாத்தா.

"அவசரமில்ல. நீ கெட்டதுன்னு நான் நினைக்கல. அலுத்துப் போயிருக்கே. ஒரு நாள் தம் பிடிக்கலாம், அறுப்பு வரைக்கும் பிடிக்க முடியுமா? உனக்கு அலுப்பு வரும். வந்ததும் ஊருக்குத் தெரிஞ்சிரும்"னா.

நானூறு வருசமா இதை நினைச்சுப் பாக்கேன் தம்பி. துப்புத் துலக்குறவங்க கைரேகை பாப்பாங்க, காலடித்தடம் பாப்பாங்கன்னு இப்ப பஸ்ஸுல பிள்ளைக பேசுறதைக் கேக்கேன். அவ என் களைப்பைச் சாட்சிக்குக் கூப்பிட்டா. நான் வாயைத் திறக்கவே வேண்டாம்னு வச்சுட்டா.

பதினோராம் நாள் என்னால முடியல. நாலாவது தடவையிலயே உடம்பு விட்டுப் போச்சு. இளகி ஓடினேன். சங்கு ஊதும்போது சூரியன் பனை உயரத்துல நின்னுச்சு. கீழப்பத்து ஆட்கள் மண்வெட்டியோட கரைக்கு ஓடி வந்தாங்க. பாத்தா, வட்டில் புதுசு, ஆள் புதுசு, காவல் ரெண்டு பேரு. யாரைச் சொல்ல? தலைவரோட தங்கச்சி மகனைக் கள்ளன்னு சொல்லவா? உலகம்மை கூட்டத்தைப் பாத்து மெதுவாத்தான் சொன்னா. "பானையை நிழல்ல வச்சுப் பாருங்க."

மறுநாள் மண்டபத்து நிழல்ல வச்சாங்க. சங்கு ஊதுறதும் சூரியன் மறையுறதும் ஒண்ணா நடந்துச்சு. வேலாண்டி அன்னைக்கே மாட்டுவண்டி கட்டிக்கிட்டு மகனையும் கூட்டிக்கிட்டுப் போய், அணஞ்சபெருமாள் காலுல விழுந்து கூட்டிட்டு வந்தாரு. சபையில அவருக்குப் பரிவட்டம் கட்டினாங்க. கைமுக்கு அந்த ஊர்ல அதுக்குப் பிறகு நடக்கல. கீழப்பத்துல பாதி விளைஞ்சுது, மீதி பதர்தான்.

என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. அதான் பாருங்க. பயந்ததெல்லாம் வீண். தண்ணி சூடானா ஓடத்தான் செய்யும், அது இயற்கைன்னு பேசிக்கிட்டாங்க. உலகம்மைக்கும் சொரிமுத்துவுக்கும் தெரியும். அவங்க வெளியில சொல்லல. பிறகு அதுகளுக்கு வேற வேற வழக்கு வந்துச்சு, கோயில் விளக்கு தானா அணைஞ்ச வழக்கு, பேசுற கிணத்து வழக்குன்னு. ஒண்ணுக்கும் என்கிட்ட வந்து சாட்சி கேட்டதில்ல.

நான் சொல்ல வந்தது இது இல்ல. சொல்ல வந்தது அவரு திரும்பி வந்த முதல் நாள்.

விடியக்காலம். குளத்துல இறங்கினாரு. வலது கை துணி சுத்தித் தொங்குது. இடது கையால செம்புல மொண்டாரு. பழக்கம் இல்லாத கைல்லா, ஆடுது. பானை வாயில சரியாப் பிடிக்க முடியல. பாதி உள்ள விழுந்துச்சு, பாதி வெளியே தரையில சிந்திச்சு. அவரு தரையில ஈரம் பரவுறதைப் பாத்தாரு. பிறகு சொன்னாரு.

"சிந்திட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

மறுநாளும் சிந்திச்சு. அதுக்கு மறுநாளும். அந்தக் கைக்கு நூல் பிடிச்ச மாதிரி ஊத்த வரவே இல்ல. இருபத்திரெண்டு வருசம் அந்த வேலை பாத்தாரு தம்பி. தினமும் விடியுறதுக்குள்ள வந்து, இடது கையால ஊத்தி, சிந்தி, என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வட்டிலை மிதக்க விட்டாரு. நான் தம் பிடிச்ச கதையை அவருக்கு மக சொல்லியிருக்க மாட்டா. சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டாருல்லா. இல்ல, சொல்லியும் கேட்டாரோ என்னமோ. அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

நிழல்ல நான் ஒழுங்காத்தான் ஏறினேன். ஒரு நாளும் பிசகல. வேணும்னா யாரையும் கேட்டுப் பாருங்க.

இப்ப அந்தக் குளம் இல்ல. அதுக்கு மேலதான் நாம போற ரோடு. நான் பூமிக்குள்ள இறங்கி, எங்கெங்கயோ ஊறி, ஆழ்துளைக் குழாயில ஏறி இந்தப் பாட்டிலுக்கு வந்திருக்கேன். ஏறுறது மட்டும் எனக்கு எங்க போனாலும் ஓயல.

ஆலங்குளம் தாண்டியாச்சு போல. வெயில் இந்தப் பக்கமும் வந்துருச்சே. மேல பட விடாதீங்க. எனக்கு வெயில் ஒத்துக்காது, அவ்வளவுதான், வேற காரணம் ஒண்ணும் கிடையாது. பட்டா அவன் வந்துருவான். வந்து விளிம்புல நின்னு அதே கேள்வியைக் கேப்பான். எனக்கு இப்ப பேசத் தெம்பில்ல.

தாகமா இருந்தாக் குடிச்சிருங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், அதுவும் ஒரு வேலைதானே. வலது கையால பிடிங்க. பஸ் குலுங்கும், சிந்தத்தான் செய்யும், சிந்தட்டும்.

மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க தம்பி.